வெம்பிளிக்கு வந்து சேர்ந்த சிவப்புக் கட்டம்

என் அடுப்படித் தட்டில், நல்லெண்ணெய்ப் போத்தலுக்கும் புட்டுக்குழலுக்கும் நடுவே, ஓர் எஃகு உருண்டை இருக்கிறது. தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே குட்டிக் கழுத்து, கழுத்தில் ஒரு திருகு. லண்டனின் மிச்சம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதை ஒரு தடவையாவது உற்றுப் பார்ப்பார்கள். பேத்தியின் சிநேகிதப் பிள்ளை பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் என்று நினைத்து எங்கே அழுத்துவது என்று தடவிப் பார்த்தது. பொயிலர் திருத்த வந்த வெள்ளைக்காரர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, உள்ளே என்ன என்று கேட்டார். காற்று என்றேன். வெறும் காற்றா என்று சிரித்தார். வெறும் காற்றுத்தான். ஆனால் என் அக்கா உயிரோடு இருந்த காலத்துக் காற்று. அதைப் பிடித்து அடைத்தவர் அக்காவின் கணவர், என் அத்தான். அக்கா எங்களை விட்டுப் போகப்போகிறாள் என்பதை எங்கள் எல்லோருக்கும் முந்தி அறிந்தவை இப்படிப்பட்ட உருண்டைகள்தான். அவை சொன்னதை அத்தான் நேரத்தோடு விளங்கிக்கொண்டிருந்தால் அக்காவைக் காப்பாற்றியிருக்கலாமோ என்பதை நான் இன்றைக்கும் தேங்காய் துருவும்போது யோசிப்பதுண்டு.

அத்தான் லண்டனில் ஒரு யூனிவர்சிற்றியில் காற்று ஆராய்ச்சி செய்தார். எண்பதுகளின் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது, வெம்பிளியில் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் முதலில் இருந்தோம். அத்தான் ஒல்லியான மனிதர். சிரிப்பு வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் சிரிப்பார். என்ன வேலை என்று கேட்டேன். பெற்றோல், சமையல் காஸ், மண்ணெண்ணெய், பெயின்ற் இவற்றிலிருந்தெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை வாயு காற்றில் கலக்கிறது, அதற்கு ஐதரோகாபன் என்று பெயர், அது எந்த ஊரிலிருந்து எவ்வளவு வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை என்றார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள். மணந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். அடுப்படிக்குள்ளிருந்து அக்கா சிரித்த சிரிப்பில் அகப்பை கீழே விழுந்தது. விஷயம் என்னவென்றால், அத்தானுக்குப் பீனிசம். சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு, மணமே தெரியாது. அக்கா கருவாடு பொரித்தாலும் ஒன்றுதான், சாம்பிராணி போட்டாலும் ஒன்றுதான். மூக்கில்லாத மனுசனுக்கு மணம் பிடிக்கிற உத்தியோகம் என்று நான் அன்றைக்குத் தொடங்கிய பகிடியை அவர் சாகும்வரை விடவில்லை. அவரும் அதை ரசித்தார். "அதாலைதான் மச்சாள் மெஷின் வைச்சிருக்கிறன்" என்பார்.

நாங்கள் பிறகு மிச்சத்தில் மூலைக் கடை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வெம்பிளிக்குப் போகாமல் எனக்குச் சோறு இறங்காது. போகும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் கோப்பை வைக்க இடம் இருக்காது. மேசை நிறைய ஒரு பெரிய வரைபடம் விரிந்து கிடக்கும். பிரித்தானியா, பிரான்ஸ், அதற்கு அங்காலுள்ள தேசங்கள் எல்லாம் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பென்சிலால் நிறம் தீட்டியிருக்கும். வாயு குறைய வருகிற இடத்துக்கு மஞ்சள், கூட வருகிற இடத்துக்குச் சிவப்பு. நான் அதைப் பார்த்துவிட்டுச் சோகியை எடுத்து வரட்டா, ஒரு தாயம் போடுவோமா என்று கேட்பேன். கொம்பியூட்டர் அடித்த தாள்கள் இன்னொரு பக்கம், இரண்டு கரையிலும் ஓட்டை போட்டு, மடிப்பு மடிப்பாக. வேண்டாத தாள்களை அக்கா அலமாரித் தட்டுகளுக்கு விரித்திருந்தாள். ஐரோப்பாவின் முழுக் காற்றும் எங்கள் சீனிப் பேணிக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் அடியில் கிடந்தது.

காற்றை எப்படி விசாரிப்பது என்று அத்தான் எனக்கு ஒரு தடவை சொல்லித்தந்தார். வானிலைக் கந்தோர் காற்றடிக்கும் திசையையும் வேகத்தையும் மணிக்கணக்காகக் குறித்து வைத்திருக்குமாம். அதை வைத்துக் கொம்பியூட்டர் காற்றைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு போகும். இன்றைக்கு வெம்பிளியில் நிற்கிற காற்று நேற்று எங்கே நின்றது, முந்தநாள் எந்தக் கடலைத் தாண்டியது, எந்த ஆலைக்கு மேலால் வந்தது என்று வழி வழியாகப் போய்ப் பார்க்கலாம். அதற்குப் பெயர் மொடல்.

"ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு விடுகுது எண்டு முதல் நான் ஒரு குத்துமதிப்புப் போடுவன், மச்சாள். அதைக் காத்திலை ஓடவிட்டால் காத்துப் பிடிக்கிற உருண்டைப் போத்திலுக்கை எவ்வளவு வரவேணும் எண்டு மொடல் சொல்லும். பிறகு உண்மையாப் போத்திலுக்கை எவ்வளவு கிடக்கு எண்டு பாப்பன். ரெண்டும் ஒத்து வராட்டி என்ரை குத்துமதிப்பிலைதான் பிழை. கொஞ்சம் கொஞ்சமாத் திருத்துவன்."

"கலியாணப் புறோக்கர்மாரும் உப்பிடித்தான் அத்தான். முதல் டொக்டர் மாப்பிள்ளை எண்டுவினம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் திருத்தி, கடைசியிலை கொம்பவுண்டரிலை வந்து நிப்பினம்."

அக்கா அடுப்படியிலிருந்து, "என்னை இவருக்குத் திருத்தாமலே குடுத்திட்டினம்" என்றாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

அவருக்கு இரண்டு இடங்களில் காற்றுப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்று அயர்லாந்தின் மேற்குக் கரை, கடலைத் தவிர ஒன்றும் இல்லாத இடம். அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரர் உருண்டைகளைப் பெட்டியில் போட்டு அனுப்புவார். மற்றது லண்டன். யூனிவர்சிற்றிக் கூரையில் பிடித்தால் கீழே ஓடும் பஸ்களின் புகைதான் வந்தது. அதனால் தன் வீட்டிலேயே பிடிக்கிறேன் என்று எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினார். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு பத்தி இருந்தது. பழைய சைக்கிளும் பெட்டிகளும் போட்டு வைக்கிற இடம், ஒருவரும் புழங்குவதில்லை. அந்தக் கூரை மேல் ஒரு குழாயும், ஒரு சின்னப் பம்பும், ஒரு மணிக்கூடும் பூட்டினார். பின்னேரம் மணிக்கூடு பம்பைத் திறக்கும், உருண்டை நிரம்பும், தானாகவே மூடிக்கொள்ளும். வேலையால் வந்ததும் அத்தான் ஏணி வைத்து ஏறி நிரம்பியதைக் கழற்றி வெறும் உருண்டையைப் பூட்டுவார். ரி.வி. அன்ரனா இன்னும் சரிவரவில்லையா என்று பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் வேலிக்கு மேலால் அனுதாபமாகக் கேட்பார்.

அந்த உருண்டைகளை ரெயினில் கொண்டுபோவதுதான் பெரிய பாடு. கேட்பாரற்ற பைகளைத் தொடாதீர்கள் என்று குண்டுப் பயத்தில் ஸ்டேஷன்தோறும் கத்திக்கொண்டிருந்த காலம். எங்கள் நிறத்தில் ஒரு மனிதன் மடியில் எஃகு உருண்டையோடு மெற்றோபொலிற்றன் லைனில் இருந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள்? ஒருநாள் பெட்டி முழுக்கக் காலியாகிவிட்டதாம். அதற்குப் பிறகு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். சீலைக் கடைப் பைக்குள் உருண்டையை வைத்து, மேலே ஒரு பார்சல் வடை. வடை மணத்துக்குப் பயந்து யாரும் எழும்பிப் போனதாகக் கேள்விப்படவில்லை.

அந்தக் குழாயைப் பூட்டிய அன்றைக்கு அத்தான் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "இஞ்சை பாரும், உந்தப் பத்திக்கை ஒண்டும் எரிக்கிறேல்லைத்தானே?" அக்கா சொன்னாள்: "சைக்கிளை எரிச்சே நான் சமைக்கிறன்?" அது அன்றைக்கு உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் அத்தான், வீடு இருக்கிற கட்டத்தில் பத்தியிலும் வளவிலும் எரிவது பூச்சியம் என்று கொம்பியூட்டரில் எழுதிப் பூட்டிவிட்டார். மற்றக் கட்டங்களை எல்லாம் மொடல் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். எங்கள் வளவை மட்டும் தொடக்கூடாது. உலகத்தில் எந்த இடத்தையும் சந்தேகப்படலாம், இந்த இடத்தைத் தவிர.

எண்பதுகள் முடிகிற கட்டம் அது. அத்தானின் வேலை இன்னும் கொஞ்ச மாதங்களில் முடிய இருந்தது. இளவேனிலில் ஒரு பெரிய கூட்டம். அதில் ஏதாவது புதிதாகக் காட்டினால்தான் வேலையை நீட்டுவார்கள். அந்த வருடம் ஐப்பசி முடிகிற நேரம் லண்டன் உருண்டைகளில் ஒரு வாயு கொஞ்சம் கூடத் தொடங்கியது. கார்த்திகையில் இன்னும் கூடியது. காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது, மொடல் மேற்கே கை நீட்டியது. வேல்ஸ் கரையில் எண்ணெய் சுத்திகரிக்கிற பக்கம் ஒரு கட்டம் சிவப்பாகியது. அங்கே யாரோ சொல்வதைவிடக் கூடுதலாக வாயு விடுகிறார்கள் என்று அத்தானுக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். ஒரு ஞாயிறு நான் போனபோது மேசையில், வரைபடத்துக்கு மேலேயே, ஒரு கேக் இருந்தது. இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். "கூடிக்கொண்டு போகுது மச்சாள்! ஒவ்வொரு கிழமையும் கூடுது! உப்பிடி ஒரு வடிவான கோடு நான் கண்டதில்லை" என்றார். அக்கா கேக்கை வெட்டி முதல் துண்டை அவர் வாயில் ஊட்டினாள். பிறகு தண்ணீர் எடுக்கப்போகிறேன் என்று உள்ளே போனவள் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. வந்தபோது வாயில் கராம்பு மணந்தது. அந்த மாரிக்காலம் முழுக்க அவள் வாயில் கராம்பு இருந்தது. பல்லுக் கூச்சம் என்றாள்.

இன்னொரு புதினமான விஷயமும் அந்த மாரியில் நடந்தது. என் அக்கா மௌன விரதம் பிடித்தாள்! பஸ் கொண்டக்டரோடும் பத்து நிமிடம் கதைத்துவிட்டு இறங்குகிற மனுசி. கிழமை நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு வாய் திறக்காமல் பின்பத்தியில் தனியே இருக்க வேண்டும், அப்படி ஒரு நேர்த்தி என்றாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் நேர்த்தி வைத்தால் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லக்கூடாது, சொன்னால் பலன் போய்விடும். அந்த நேரத்தில் கதவைத் தட்டவும் மாட்டோம். தன் வேலை நிலைக்கத்தான் அவள் விரதம் இருக்கிறாள் என்று அத்தான் நினைத்தார். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் இருந்த எங்கள் தம்பிக்காக என்று நான் நினைத்தேன். "கடவுளுக்கு இப்பதான் கொஞ்சம் நிம்மதி, அக்கா வாயை மூடினது" என்று பகிடி விட்டேன். ஞாயிறு என்றபடியால் விரதம் இல்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போதெல்லாம் சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறாளே, நாகரிகம் பழகிவிட்டாளாக்கும் என்று அதற்கும் ஒரு பகிடி விட்டேன்.

மார்கழியில் அயர்லாந்துப் பெட்டி வந்தது. அத்தான் முகம் மாறியது. சில நாட்கள் காற்று அங்கிருந்து நேரே லண்டனுக்கு வேல்ஸ் வழியே வராமல் தெற்கால் சுற்றி வந்திருக்கிறது, அந்த நாட்களிலும் வெம்பிளி உருண்டையில் அதே அளவு வாயு. அப்படியென்றால் வேல்ஸ் கரை இல்லை. சிவப்பைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தினார். பிறகு வேறொரு யூனிவர்சிற்றிக்காரரிடம் நடு இங்கிலாந்தில் பிடித்த காற்றுக் கணக்கைக் கேட்டு வாங்கினார். அதிலும் ஒன்றும் இல்லை. சிவப்பு ஒக்ஸ்போர்ட் பக்கம் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் போய் மேசையைப் பார்த்து, "கள்ளன் எவடத்திலை நிக்கிறான் அத்தான்?" என்று கேட்பேன். அவர் அழிரப்பரால் பழைய சிவப்பைத் தேய்த்துக்கொண்டே புதிய இடத்தைக் காட்டுவார். தை மாதம் அது ஹரோவுக்குப் பக்கத்தில் நின்றது.

"உவன் பஸ் ஏறியெல்லோ வாறான்!" என்றேன். "இனி ரண்டு ஸ்ரொப்தான் கிடக்கு."

அத்தான் சிரிக்கவில்லை. "காத்து அசையாமல் நிக்கிற நாளிலைதான் ஆகக் கூடக் கிடக்கு, மச்சாள். தூரத்திலையிருந்து வாறதெண்டால் காத்து நிண்டால் குறையவேணும். கிட்டடியிலைதான் எங்கையோ." குஜராத்திக்காரரின் வான் வண்டி பழுதா, பின்லேனில் யாராவது கார் பெயின்ற் அடிக்கிறார்களா என்று வேலியால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார். அந்த மனிதர் இன்னும் அன்ரனாவைப் பற்றித்தான் கதைத்தார். அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். மௌன விரதம் ஞாயிறுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் மெலிந்துபோயிருந்தாள். விரதம் பிடித்தால் மெலியத்தானே செய்வார்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை. கடைக்குச் சாமான் எடுக்க என் வீட்டுக்காரர் வெம்பிளிப் பக்கம் போனார். நானும் கடை வானில் ஏறி, அக்காவுக்கு முருங்கைக்காய் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். அந்த வீட்டுக் கதவுக்கு ஒரு திறப்பு என்னிடம் எப்போதும் இருக்கும். வீட்டுக்குள் சத்தமில்லை. விரத நேரம் என்று நினைத்து, முருங்கைக்காயை வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். முன்கதவு திறந்தது. அத்தான். வேலை முடிகிற நேரம் இல்லை. ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த மடிப்புத் தாளை மேசையில் விரித்தார்.

"பூட்டைத் திறந்து விட்டன், மச்சாள்."

"எந்தப் பூட்டை?"

"எங்கடை வளவு பூச்சியம் எண்டு பூட்டி வைச்சிருந்தன் எல்லோ. வேறை வழி தெரியாமல் இண்டைக்கு அதையும் தொட விட்டன். மற்றக் கட்டம் எல்லாம் பழையபடி மஞ்சளாப் போச்சு. முழுச் சிவப்பும் இஞ்சை வந்திட்டுது." விரலை வைத்துக் காட்டினார். எனக்கு அந்த எழுத்துகள் விளங்காது. விரல் நின்ற இடம் விளங்கியது. "மண்ணெண்ணெய் மாதிரி ஒரு சாமான். குழாயடிக்குப் பக்கத்திலை."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. நான் உள்ளே வந்த நேரம் தொடக்கம் சாம்பிராணிக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. என் மூக்கு ஞாயிறுகளில் மட்டும் அந்த வீட்டுக்குப் போன மூக்கு. அவருடைய மூக்கு தினமும் அங்கே இருந்தும் இல்லாத மூக்கு. நாங்கள் இரண்டு பேரும் பின்கதவால் வெளியே போனோம். பத்தியின் சின்ன யன்னலில் உள்ளே இருந்து நீராவிப் புகார் படிந்து, அதற்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வெளிச்சம். கூரையில் பம்ப் கர்ர் என்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. விரத நேரத்தில் தட்டக்கூடாத கதவை அத்தான் தட்டாமலே திறந்தார்.

அக்கா பழைய ஸ்டூலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். காலடியில் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர். வந்த புதிதில் காசில்லாமல் வாங்கி, பிறகு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தது. வாயில் ஒரு துவாய்த் துண்டை அடைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருமினாள். சத்தமே வராத இருமல். உடம்பு மட்டும் குலுங்கியது. எங்களைக் கண்டதும் துவாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், பள்ளிக்கூடத்தில் களவாக மாங்காய் தின்று பிடிபட்டதைப் போல. அத்தான் முதலில் குனிந்து ஹீட்டரை அணைத்தார். பிறகு அவளுக்குப் பின்னால் கையை விட்டு அந்தத் துவாயை எடுத்தார். விரித்துப் பார்த்தார். அதில் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை.

அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தாள். மூச்சு வாங்கி வாங்கி ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இஞ்சருங்கோ… என்னாலை உங்கடை கணக்குப் பிழைச்சுப் போச்சே?"

அத்தான் தன் ஓவர்கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். "இல்லை," என்றார். "கணக்குச் சரி."

கூட்டம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். இடையில் சொன்னால் அவர் வரைபடத்தைச் சுருட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் இருப்பார், வேலை போய்விடும் என்று பயம். வீட்டுக்குள் இருமினால் அவர் தாளோ உருண்டையோ எடுக்க எந்த நேரமும் திரும்பி வருவார், கேட்டுவிடும். அவர் பக்கத்தில் இருக்கும் நேரம் இருமலை அடக்கக் கராம்பு, மற்ற நேரம் பத்தி. பத்தியில் குளிர். குளிருக்கு ஹீட்டர். ஹீட்டர் மணம் ஞாயிறு வருகிற என் மூக்குக்கு எட்டாமல் சாம்பிராணி. சாம்பிராணிக்கு ஒரு நேர்த்தி. ஒன்றை மறைக்க ஒன்று. அவளுடைய தலைக்கு மேலே, தகரத்துக்கு அந்தப் பக்கம், அவள் மறைத்ததை எல்லாம் ஒரு குழாய் அமைதியாக உறிஞ்சிக்கொண்டிருந்ததை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அல்லது யோசித்துத்தான் இருந்தாளோ தெரியாது. சிவப்புக் கட்டம் ஹரோவுக்கு வந்த ஞாயிறு அவள் கோப்பை கழுவியபடி நின்ற நிலை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஐப்பசியில் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டொக்டர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அத்தான் அதற்குத் தலையாட்டினார். ஐப்பசி என்ற சொல்லுக்கு அவரிடம் ஏற்கெனவே ஓர் உருண்டை இருந்தது. அக்கா கட்டிலில் கிடந்தபடி, இனி மறைக்க ஒன்றும் இல்லாததால், ஆசைதீரச் சத்தம் போட்டு இருமினாள். நர்ஸ்மாரோடு ஆசைதீரக் கதைத்தாள். "எடியே, விரதம் முடிஞ்சுது, இனி என்னைப் பிடிக்கேலாது" என்றாள் என்னிடம். நான் சிரித்தேன். வெளியே போய் லிப்ட்டுக்குள் நின்று அழுதேன். லிப்ட் மேலும் கீழுமாக என்னைக் கொண்டு திரிந்தது. பங்குனியில், வீதி மரங்கள் பூக்கிற நேரம், அவள் போய்விட்டாள்.

அத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனார். போகவேண்டாம் என்றோம், கேட்கவில்லை. மேற்குக் கரைச் சிவப்பு எல்லாம் பிழை, அந்த மாரி லண்டன் கணக்கு முழுவதையும் எறிந்துவிடுங்கள், வாயு வந்தது என் வீட்டிலிருந்து என்று எழும்பி நின்று சொன்னாராம். யாராவது கேள்வி கேட்டார்களா என்று கேட்டேன். "ஒருத்தர் கேட்டார், ஏன் முதலே உம்மடை வீட்டைப் பாக்கேல்லை எண்டு." அதற்கு என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் வேலையை நீட்டவில்லை. பிறகு ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக் கொஞ்சக் காலத்தை ஓட்டினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்த சனம் எல்லாம் போன பிறகு, அத்தான் அக்காவின் வீட்டுச் சீலை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். பத்தியில் இருந்தபோது உடுத்தியது, தோய்க்காமல் கிடந்தது.

"மச்சாள், ஒருக்கா மணந்து பாரும். என்ன மணக்குது எண்டு சொல்லும்."

தொண்டைக்குள் ஒரு பகிடி வந்து நின்றது, வழக்கம்போல. அது அங்கேயே நின்றுவிட்டது. சீலையை முகத்தில் வைத்தேன். கராம்பு என்றேன். மண்ணெண்ணெய். சாம்பிராணி. தேங்காய் எண்ணெய். அதற்கு அடியில் ஒரு மணம், அதற்குப் பெயர் இல்லை, அக்காவினது, சின்ன வயதில் ஒரே பாயில் படுத்த மணம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், மனதில் குறித்துக்கொள்வதுபோல. "கடைசியாச் சொன்னது எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவோ கதைக்கிற வாய்.

பிறகு அந்த வரைபட மேசையில் ஒரு தாளை வைத்தார். ஒரே ஒரு கோடு, இடமிருந்து வலம் மெல்ல மேலே ஏறியது. எறியச் சொன்ன கணக்குத்தான். ஒவ்வொரு புள்ளியும் ஓர் உருண்டை, அக்கா பத்திக்குள் இருந்த ஒரு பின்னேரம். புள்ளி உயர்ந்தால் அவள் கூட நேரம் இருந்திருக்கிறாள், கூட இருமியிருக்கிறாள். "இது உம்மடை அக்கா" என்றார். விரல் கோட்டோடு ஏறி ஓரிடத்தில் நின்றது. "இந்தக் கிழமைதான் நான் கேக் வாங்கினது."

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஏணியை வைத்து ஏறிக் குழாயையும் பம்பையும் கழற்றினார். பம்ப் இருந்த பெட்டிக்குள் ஓர் உருண்டை கிடந்தது. நாங்கள் கதவைத் திறந்த அந்தப் புதன்கிழமை பம்ப் உறிஞ்சி நிரப்பியது. மணிக்கூடு தன் பாட்டில் மூடிவிட்டது. ஆஸ்பத்திரி அமளியில் ஒருவரும் எடுக்கவில்லை. ஏணியில் நின்றபடியே அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இறங்காமல் இருந்தார். குஜராத்திக்காரர் வேலிக்கு அப்பால் வந்தார். அந்த முறை அவர் அன்ரனாவைப் பற்றிக் கேட்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த உருண்டையை அத்தான் கடைசிவரை மெஷினுக்குக் கொடுக்கவில்லை. அவர் போனபோது அது என்னிடம் வந்தது. பேத்தி இப்போது யூனிவர்சிற்றியில் இரசாயனம் படிக்கிறாள். போன கிழமை சாப்பிட்டுக்கொண்டு, இந்தக் காலத்து மெஷின்களுக்கு ஒரு துளி காற்றுப் போதும், எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லிவிடும் என்றாள். "அம்மம்மா, ஓப்பன் பண்ணிப் பாப்பமா? ஜஸ்ற் எ லிற்றில்?"

அத்தானிடம் நானும் ஒருநாள் அதைக் கேட்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கவில்லை. "கொஞ்சம் திறந்தாலும் இப்பத்தைக் காத்து உள்ளை போயிடும், மச்சாள். பிறகு எது அவ, எது நாங்கள் எண்டு எந்த மொடலாலையும் பிரிக்கேலாது" என்றார்.

பேத்திக்கு அதைச் சொல்லவில்லை. புட்டுக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டு அவள் வாயை அடைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் தட்டைத் துடைக்கும்போது உருண்டையையும் துடைக்கிறேன், திருகில் கை படாமல். சில வேளை காதில் வைத்துப் பார்ப்பேன். ஒரு சத்தமும் இல்லை. இராது. என் அக்கா உள்ளே இன்னும் துவாயைக் கடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று இருமலை அடக்கிக்கொண்டு இருக்கிறாள்.